எல்ஸி தேடிய சத்தமில்லாத கடற்கரை

கடற்கரை விடுதிக்குப் போன் செய்கிறவர்கள் ஏர்கான் உண்டா, காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்பார்கள். ஈப்போவில் புந்தோங் பக்கம் குடியிருக்கும் எல்ஸி கேட்டதெல்லாம் வேறு. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுமா, கராவோக்கே உண்டா, வாழைப்பழப் படகு வருமா என்று மலாய் மொழியில் விசாரித்தாள். மோட்டார் படகு இழுத்துக்கொண்டு போகிற அந்த நீளமான ரப்பர் மிதவையில் ஏறுகிறவர்கள், கத்துவதற்காகவே காசு கொடுக்கிறார்கள் என்பது அவளுடைய கருத்து.

ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் விவியன் அனுப்பிய விடுதிப் படங்களெல்லாம் இந்தக் கேள்விகளில் தோற்றுப்போயின. லங்காவி தோற்றது. பினாங்கு கேள்வி கேட்கும் முன்பே தோற்றது. "அம்மா, நீங்க லீவுக்குப் போறீங்களா, இல்ல தியானத்துக்குப் போறீங்களா?" என்று விவியன் கேட்டேவிட்டாள். கடைசியில் லுமுட்டுக்கு வடக்கே, தெலுக் செனாங்கினில் சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு விடும் மலாய்க்கார அம்மாள் ஒருத்தி, இங்கே காற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது என்று சிரித்தாள். பிள்ளைகள் வந்தால் சலித்துப்போவார்கள் என்று எச்சரிக்கையும் செய்தாள். எல்ஸி அப்போதே இரண்டு நாளைக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

இத்தனை பாடும் அவள் புருஷன் சவரிநாதனின் காதுகளுக்காக. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளில் ஒன்றை உடைத்துத் தின்றுகொண்டிருந்த குவாரியில், கல் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வயதைக் கழித்தவர் அவர். பாதி மலை போயிற்று, கூடவே பாதிக்கு மேல் காதும் போயிற்று. இப்போது ஒரு கொண்டோ அடுக்குமாடியில் காவல் வேலை. கேட்டைத் திறந்து மூடக் கண் இருந்தால் போதும்.

காதுக்கு மெஷின் வாங்கியாயிற்று. ஆனால் கூட்டத்தில் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து மண்டைக்குள் கொட்டும். அதனால் சொந்தக்காரர்கள் கூடினாலே அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். சவரிநாதனைப் போல நல்ல மனுஷன் கிடையாது என்று குடும்பம் முழுக்கப் பேச்சு. அதில் முக்கால்வாசி அந்தத் தலையாட்டலுக்குக் கிடைத்த பெயர்தான்.

வருஷா வருஷம் கிறிஸ்மஸ் முடிந்ததும் குடும்பமே வேன் பிடித்துப் பங்கோர் தீவுக்குப் போகும். எல்ஸிக்குப் பங்கோர் என்றால் விடுதியின் பின்கட்டும், குவாலி என்கிற பெரிய வாணலியும்தான். போன முறை மீன் பொரித்துக் கொட்டிவிட்டு, கொஞ்ச நேரம் புருஷன் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தாள். அலை ஏறி வந்தது. "செருப்பு போவுதுங்க" என்றாள். அவர் கடலைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். "உங்க செருப்புதாங்க!" அதற்கும் தலையாட்டினார். இரண்டு செருப்பும் அவர் கண் முன்னாலேயே மிதந்து போயின. பார்த்தவர்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், எல்ஸியும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு நெஞ்சு கனத்துப்போனது. ஒரே ஒரு முறையாவது இந்த மனுஷனோடு கடலோரம் உட்கார்ந்து பேச வேண்டும், அவர் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை.

அதை அவளே கெடுத்துக்கொண்டாள்.

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் போவதென்றால் மூத்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லும்போது 'நீங்களும் வாங்களேன்' என்று ஒரு வார்த்தை போட வேண்டும். கேட்கிறவர், 'இல்ல, நீங்க போய்ட்டு வாங்க' என்று பதில் வைக்க வேண்டும். இது இரண்டு தரப்புக்கும் தெரிந்த மரியாதை. அந்த வார்த்தையைப் போடாவிட்டால் பத்து வருஷத்துக்குக் குறைப்பேச்சு நிற்காது.

அப்படித்தான் எல்ஸி, ஒரு பை ஆரஞ்சோடு புருஷனையும் கூட்டிக்கொண்டு நாத்தனார் பிலோமினா வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். "நீங்களும் வாங்களேன்க்கா" என்றும் முடித்தாள்.

பிலோமினாவுக்கு இன்னும் தோட்டத்துக் குரல். அடுத்த மர நிரையில் பால் வெட்டுகிறவளுக்குக் கேட்கிற மாதிரிதான் வீட்டுக்குள்ளும் பேசுவாள். "தெலுக் செனாங்கினா? பார்த்ததே இல்லலா. என்னடா தம்பி, வரட்டுமா?" என்றாள்.

சவரிநாதன் சிரித்துத் தலையாட்டினார். "வாக்கா" என்றார்.

"அப்ப சரி, வேன் பேசிருவோம். எம்மவன் கால்வின் புது ஸ்பீக்கர் வாங்கிருக்கான், எட்டு ஊருக்குக் கேக்கும்! எல்ஸி, பெரிய குவாலிய மறந்துராத."

திரும்பும்போது எல்ஸி பேச்சை வீட்டுக்கென்று ஒத்திப்போட்டாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து பேசினாலும் அவருக்குக் கேட்கப்போவதில்லை. அவர் மேல் கோபமில்லை. என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் தலையாட்டியிருப்பார், பாவம். சும்மா இருக்காத தன் வாய் மேல்தான் ஆத்திரம்.

வீட்டில் தேநீர் கலக்கி அவர் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "அக்கா வரட்டுமான்னு கேட்டாங்க. நீங்க வான்னு சொல்லிட்டீங்க. அது தெரியுமா?"

"தெரியும். அக்கா பேசுனா செவுத்துக்கும் கேக்கும். கேட்டுதான் சொன்னேன்."

எல்ஸி அவரையே பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சா? நான் எதுக்கு அந்த எடத்தத் தேடுனேன்னு தெரியுமில்ல?"

அவர் கிளாசை நகர்த்தி வைத்தார். "தெரிஞ்சுதான் பயமா போச்சு எல்ஸி. இந்த வீட்லயே நீ சொல்றதுல பாதிதான் கேக்குது. மீதிய உன் மூஞ்சியப் பாத்து ஒப்பேத்திக்கிறேன். கூட்டத்துல கேக்கலன்னா கூட்டத்து மேல பழியப் போட்டுரலாம். அங்க நீயும் நானும்தான். அங்கயும் கேக்கலன்னா யார் மேல போடுறது?"

இத்தனை வருஷமாகக் கூட்டம்தான் அவரைத் தன்னிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது என்று எல்ஸி நினைத்திருந்தாள். அவரோ அதில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் பேச்சு குழறும், அவருக்கு இன்னும் புரியாமல் போகும். அடக்கிக்கொண்டாள்.

"கேக்கலன்னா திரும்பச் சொல்றேன். ரெண்டு நாளு இருக்குல்ல? வேறென்ன வேல எனக்கு?"

சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே பிலோமினாவுக்குப் போன் போட்டாள். "அக்கா, நீங்க வர வேணாங்க்கா. நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம்."

அந்தக் குடும்பத்தில் கூப்பிட்டுவிட்டு வேண்டாமென்று யாரும் சொன்னதில்லை. மறுமுனை வெடித்தது. "அப்ப எதுக்குடி கூப்ட்ட?"

"கூப்பிடணுமேன்னு கூப்ட்டேன்க்கா."

இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்கிற வரைக்கும் போயிற்று. ஈஸ்டருக்குள் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டு எல்ஸி போனை வைத்தாள். சிங்க்கில் குழாயைத் திறந்து கிளாஸ்களைக் கழுவினாள்.

"அந்தப் பழைய செருப்ப எடுத்து வைங்க, கடலுக்கு அது போதும்" என்றாள் திரும்பாமலே.

பழக்க தோஷம், சவரிநாதன் தலையாட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"என்ன சொன்ன எல்ஸி? கேக்கல."

எல்ஸி குழாயை மூடினாள். ஈரக் கையோடு அவருடைய வலது காதுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பைப் பற்றி முதலிலிருந்து சொன்னாள்.