மேர்ல் கயிற்றைத் தாண்டிய நாள்

மேர்ல் பெனாலுனா முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கிடைத்த விடுமுறையெல்லாம் கிரிக்கெட்டுக்கே போனது. எங்கள் மாநில அணியின் நாலு நாள் ஆட்டம் என்றால் செமஃபோர் புறநகரிலிருந்து முதல் ரயிலில் வந்து, எல்லைக் கயிற்றை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தையும் ஸ்கோர் புத்தகத்தில் பென்சிலால் குறிப்பாள். அவளுடைய முட்டை சாண்ட்விச்சுக்கு ஆசைப்பட்டு நானும் பக்கத்தில் இருப்பேன். என்னை அவள் புருஷன் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தப் பாக்கியம் எனக்கு வேண்டாம். ஆட்டத்தின் நடுவே பேசினால் கடித்துக் குதறிவிடுவாள்.

ஜாரட் வெர்கோ பத்தொன்பது வயதில் எங்கள் பெஞ்சுக்கு எதிரே பீல்டிங் நிற்க வந்தான். வந்த இரண்டாம் நாளே, யாரிடமோ அவள் பேரைத் தெரிந்துகொண்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“மேர்ல், நேத்து நான் எத்தனை பந்து ஆடினேன்?”

“நூத்திப் பதினாலு. அதுல பாதி கண்ண மூடிக்கிட்டு ஆடின.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அவன் மேர்லின் பையன்.

தேநீர் இடைவேளையில் நாங்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே போவது வழக்கம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிட்ச்சைப் பார்த்து, பெரிய ஞானிகள் போலத் தலையாட்டுவோம். சீசனின் கடைசி ஆட்டத்தில் மேர்ல் புத்தகத்தோடு போவாள். ஜாரட் வெளியே வந்து கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவான். அப்படிப் பதினோரு புத்தகம்.

பிறகு இருபது ஓவர் வந்தது, வெள்ளிச் சுறாக்கள் என்றொரு அணி முளைத்தது. பவுண்டரி போனால் நெருப்பு, விக்கெட் விழுந்தால் நடனக்காரிகள், காது கிழியப் பாட்டு. சுறாக்கள் ஜாரட்டை வாங்கினார்கள். அவன் நாலு நாள் ஆட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டான். அந்த வருடப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் காலியாகக் கிடந்தது.

“கையெழுத்து இல்லாம இத மூட மாட்டேன், டெஸ்” என்றாள் மேர்ல்.

திட்டிக்கொண்டே நானும் சுறாக்களின் ஆட்டத்துக்குக் கூடப் போனேன்.

பத்து ஓவர் முடிந்ததும் சின்ன இடைவேளை விட்டார்கள். இடைவேளை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். நான் தடுப்பதற்குள் புத்தகத்தோடு கயிற்றைத் தாண்டிவிட்டாள். காவலர்கள் இரண்டு பேர் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். பதினைந்து அடி தள்ளி ஜாரட், சட்டைக் காலரில் மைக்கோடு வர்ணனையாளரிடம் பேசிக்கொண்டிருந்தான். மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

“யாரு ஜாரட் அது, உனக்குத் தெரிஞ்சவங்களா?”

அவன் அவளை நேராகப் பார்த்தான்.

“தெரியலப்பா. யாரோ பாட்டி, பஸ் ஸ்டாப்புன்னு நெனச்சு வந்துட்டாங்க போல.”

முப்பதாயிரம் பேர் சிரித்தார்கள். பெரிய திரையில் மேர்லின் முகம். நான் எழுந்து நின்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் அவனுக்காக அவளே வாதாடினாள். “மைக்கு மாட்டி விட்டிருக்காங்க. சிரிக்க வைக்கத்தான சம்பளம். அவன் என்ன பண்ணுவான்? பாரேன், ரெண்டு வரி எழுதிப் போடுவான்.”

அடுத்த வாரம் போன் பண்ணி வரச் சொன்னாள். காவலர்கள் எழுதி வாங்கிய விலாசத்துக்குச் சுறாக்கள் அலுவலகத்திலிருந்து பார்சல் வந்திருந்தது. வெள்ளி நிறச் சட்டை, நெஞ்சுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஜாரட்டின் கையெழுத்து.

“கெட்டிக்காரி, சொன்ன மாதிரியே நடந்துருச்சே” என்றேன்.

அவள் என்னை உள்ளே இழுத்துப் போனாள். சமையலறை மேசையில் பதினோரு புத்தகங்களும் கடைசிப் பக்கம் திறந்து கிடந்தன. ஒவ்வொரு கையெழுத்தும் மசி இழுபட்டு மங்கியிருந்தது. ஜாரட் இடது கைக்காரன். எழுத எழுத அவன் உள்ளங்கையே அழித்துக்கொண்டு போகும். சட்டையில் ஒரு தீற்றல்கூட இல்லை. யாரோ வலது கையால் போட்டது.

மேர்ல் அழுது நான் பார்த்ததேயில்லை, அன்று பார்த்தேன்.

“பாட்டின்னு சொன்னதக்கூட விட்டுருவேன். வாய் தவறி வந்துருச்சுன்னு வச்சுக்கலாம். இதுக்கு அரை நிமிஷம் ஆகுமா, டெஸ்? அந்த அரை நிமிஷத்துக்கு வேற ஆள வச்சிருக்கான்.”