செல்வி கேட்டு வாங்கிய சரிவு

சின்னசேலத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். எதிர்த் தெருவில் புதிதாகச் சிமெண்ட் நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு, குறுக்கே கட்டிய கயிற்றை அவிழ்க்கிறார். அதற்காகவே காத்திருந்ததுபோல், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்திருக்கிறாள். பெயர் செல்வியாம், கட்டட வேலை. அவள் தோளைப் பிடித்தபடி கணவர், பார்வை இல்லாதவர்.

"யாரு செலவுங்க இது?" என்று அருகில் போய்க் கேட்கிறேன்.

"தெருக்காரங்க ஒரு பங்கு குடுத்தா மீதிய கவர்மெண்ட் போடும்னாங்க. சொந்த வூட்டுக்காரங்க குடுத்தாங்க. வாடகைக்கு இருக்கிற எங்கள யாரும் கேக்கவே இல்ல."

"உங்களுக்கு மிச்சம்தானே?"

"இன்னாங்க மிச்சம்? ஜாஸ்தி நடக்கிறது நாங்கதான். பங்கே குடுக்காம போயி எப்டி வாயத் தொறக்கிறது? அதான் கூலி வாங்காம ரெண்டு நாள் ஜல்லி சுமந்தேன். அப்புறம், கடைசில படி வெக்காதீங்க, இவரு எறங்க சரிவா போடுங்கன்னு கேட்டேன். போட்டுட்டாங்க."

சொல்லிவிட்டுத் தோளிலிருந்து அவர் கையை மெல்ல எடுத்துவிடுகிறாள். அவர் கோலைத் தட்டியபடி தனியாக நடக்கிறார். செல்வி அங்கேயே நின்று பார்க்கிறாள். சரிவில் கால் வைத்து, தடுமாறாமல் இறங்கி நிற்கிறார்.

"செல்வி, எங்க இருக்க?"

"இங்கதான் இருக்கேன், வா."

செல்வி ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவில்லை. அந்தக் குரலைப் பார்த்து, சிரித்த முகத்தோடு அவர் திரும்பி நடந்து வருகிறார்.