அக்கா சொன்னபடி எழுதிய ஜெபம்

அறுபதுகளின் கடைசியில், கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதிலேயே ஜெபத்தை நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. வாயால் ஜெபித்தால் பாதியிலேயே மனம், உளுந்து ஊறப்போட்டேனா என்று ஓடிவிடும். எழுதினால் நிற்கும். அந்தத் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். கணவர் பள்ளி ஆசிரியர். பக்கத்து வீட்டில் நெசவாளர் குடும்பம். அந்த வீட்டு அக்கா கொல்லையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே நான் எழுதுவதைப் பார்ப்பார்.

“இன்னாமா, தெனம் எழுதிக்கினே இருக்கிற? அம்மா வூட்டுக்குக் கடுதாசியா?”

“ஜெபம்க்கா.”

“ஏன், வாயால சொன்னா உங்க சாமிக்குக் கேக்காதா?”

“அவருக்குக் கேக்கும். எனக்குத்தான் கவனம் நிக்கல.”

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பக்கத்து ஊரான தாமலில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது, “அதையும் ஒரு வரி எழுதிடும்மா” என்றார். எழுதினேன். பேத்தி பிறந்ததும் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு நேரே என்னிடம் வந்தார். “உங்க சாமிக்கும் சொல்லிடு, கொழந்த நல்லா இருக்குதுன்னு.”

அந்த மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. பேனா பிடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை. ஒருநாள் மத்தியானம் கஞ்சியோடு வந்த அக்கா, என் பாயருகே மூடிக் கிடந்த நோட்டைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கு லீவு போட்டிருந்த என் கணவர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அத எடு. இந்தப் புள்ளயால எழுத முடியல இல்ல? நான் சொல்றேன், நீ எழுது.”

கணவர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா நோட்டைப் பார்த்தே பேசினார். “சாமி, இந்தப் பொண்ணு ரெண்டு வாய் கஞ்சிகூட உள்ள போவாம கெடக்குது. தெனம் உனக்கு எழுதிச்சே, பாத்துக்கினு சும்மா இருக்கிறியே? எழுப்பி உக்கார வை.” பிறகு, “எங்க, படி” என்றார்.

“பரம பிதாவே, உமது அடியாளைக் கண்ணோக்கிப் பூரண சுகத்தைக் கட்டளையிட்டருளும்...”

“நான் எங்கப்பா இப்படிச் சொன்னேன்? சொன்னத எழுது!”

ஆசிரியர் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ‘கெடக்குது’ என்பதைக் ‘கெடக்குது’ என்றே. எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

காய்ச்சல் மெல்லத்தான் இறங்கியது. எழுந்து உட்கார்ந்த முதல் காலை, நோட்டில் ‘கிருபை நிறைந்த’ என்று தொடங்கினேன். ஏனோ அதற்குமேல் ஓடவில்லை. அடுத்த வரியில் எழுதினேன்: ‘ஆண்டவரே, இன்னைக்கு நல்லா பசிக்குது. அக்காவுக்கு முழங்கால் வலியாம், பாத்துக்குங்க.’