செலவானால்தான் காசு

எந்தக் காசு கைக்கு வந்தாலும் பல்செட்காரர் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றுவார். அதற்கப்புறம்தான் கண்ணுக்கு வேலை. வியர்வை, வெங்காயம், புகையிலை, பெட்ரோல், முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பை என்று ஏதாவது ஒரு வாடை அடித்தால் முகம் மலரும். ஒன்றுமே அடிக்காவிட்டால், "இது இன்னும் பொழைக்கவே ஆரம்பிக்கலை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார், கெட்டுப்போன மீனைத் தள்ளிவைப்பதுபோல.

தொழில், பல்செட் கட்டுவது. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் பட்டறை. மேசை நிறைய மாவுக்கட்டு மாவில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் காசு சேகரிப்பவர்களின் சங்கம் கூடுகிறது. அன்றைக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் பேசாமல் இருப்பவை அந்தத் தாடைகள் மட்டுமே.

புதுப்பல் மாட்டிக்கொண்டவர்கள் கண்ணாடியைப் பார்த்து, நிஜப் பல் மாதிரியே இருக்கிறதே என்று பாராட்டினால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாதிரி என்ன மாதிரி? மெல்லுதுல்ல? அப்ப அது பல்லுதான்." காசுக்கும் இதே சட்டம்தான் வைத்திருந்தார். மென்றால் பல், செலவானால் காசு. இரண்டு வரியில் முடிந்துபோகிற தத்துவம் என்பதால் அதை வாரம் தவறாமல் இரண்டு மணி நேரம் விளக்குவார்.

இந்தத் தத்துவத்தின் ஜென்ம விரோதி, அரசாங்கமே அடித்து விற்கும் வெள்ளிக்காசு. ஒரு பக்கம் தலைவர் முகம், மறுபக்கம் 'ஐந்து' என்று மதிப்பு, கீழே ஆண்டு, எல்லாம் முறைப்படி இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளியின் விலையோ ஐந்தைப்போல் பல மடங்கு. அதைக் கொண்டுபோய் ஐந்துக்குச் செலவழிக்கப் பைத்தியக்காரன் வேண்டும். ஆகவே அது அச்சிலிருந்து நேராகப் பிளாஸ்டிக் டப்பிக்குள் போய், டப்பியோடு பீரோவுக்குள் போய், அங்கேயே ஆயுளைக் கழிக்கிறது. "காசு வேஷம் போட்ட வெள்ளிக்கட்டி" என்பார் பல்செட்காரர்.

சங்கத்தில் எதிர்க்கட்சி, வக்கீல். அரசாங்கம் அடித்திருக்கிறது, மதிப்பைப் பொறித்திருக்கிறது, சட்டப்படி செல்லும் என்று அடுக்கிவிட்டு, "இன்னும் என்னண்ணே வேணும் உங்களுக்கு? அது வந்து உங்க கால்ல விழணுமா?" என்பார். போன வருடக் கண்காட்சியில் வக்கீல் தம்முடைய வெள்ளிக்காசுகளை வரிசையாக வைத்தபோது, பல்செட்காரர் வீட்டிலிருந்து ஒரு வெள்ளி ஸ்பூனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, 'இதுவும் வெள்ளி' என்று சீட்டும் எழுதி ஒட்டினார். சங்கம் இரண்டாக உடையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். இருந்ததே ஏழெட்டுப் பேர். உடைத்தால் ஒரு பக்கத்துக்கு நாற்காலி எடுத்துப்போடவும் ஆளிருக்காது.

இப்படி ஊரறியக் கொள்கை வளர்த்தவருக்குக் கல்யாண நாளன்று வந்தது சோதனை. அவருடைய காசு ஆல்பத்தைத் தூசி தட்டக்கூடத் தொட்டறியாத மனைவி, தையல் வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டுபோய், அரசாங்க விற்பனைக் கவுண்டரில் வெயிலில் வரிசை நின்று, ஒரு வெள்ளிக்காசு வாங்கிவந்து அவர் கையில் வைத்தார். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் வைக்கப்போகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்கவும் செய்தார்.

பல்செட்காரர் முகர்ந்தார். பிளாஸ்டிக் வாடை. பழக்கம் புத்தியை முந்திக்கொண்டது.

"இது காசு இல்லம்மா."

மனைவி டப்பியை வாங்கிக்கொண்டுபோய்ச் சமையலறை இழுப்பறையில், கண்காட்சி கண்ட அதே வெள்ளி ஸ்பூனுக்குப் பக்கத்தில் போட்டு மூடினார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாத் தகவலும் சுவருக்குத்தான் சொல்லப்பட்டது. சாப்பாடு தயார் என்று சுவருக்குச் சொன்னார். சோப்பு தீர்ந்துபோனதையும் சுவருக்கே சொன்னார். ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் பொய்ப் பல்லை நிஜப் பல்லுன்னு சொல்லத் தெரியுது. பொண்டாட்டி வாங்கிக் குடுத்தா மட்டும் பொய்க்காசு."

பல்செட்காரர் அன்று வார்த்த பல்செட்டில் மேல்வரிசை கீழ்வரிசையோடு சேரவில்லை. பேசாமல் ஆல்பத்தில் செருகிவைத்துவிடலாம். ஆனால் வாய்க்கு வாய் அளந்த கொள்கையை வீட்டில் மட்டும் தளர்த்தினால் அது அன்பாகாது, போனால் போகிறது என்று போட்ட பிச்சையாகிவிடும். மனைவிக்குப் பிச்சையின் வாடை நன்றாகவே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சங்கம் கூடியிருக்கும்போது, சமையலறை இழுப்பறையிலிருந்து கொண்டுவந்திருந்த டப்பியைப் பல்செட் கம்பி வளைக்கும் குறட்டால் பிளந்தார். வெள்ளிக்காசில் விரல் பட்டாலே விலை இறங்கும் என்று நம்பும் கூட்டம் அது. வக்கீல் கைக்குட்டையை நீட்டினார். பல்செட்காரர் அதை ஒதுக்கிவிட்டு, காசிலிருந்த தலைவரின் மூக்கைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, படியிறங்கி முனையிலிருந்த டீக்கடைக்குப் போனார். பின்னாலேயே சங்கமும் போனது.

ஒரு டீ ஐந்து. டீக்கடைக்காரம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, கழுத்துல மாட்டுறதா?"

பல்செட்காரர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வழக்கில் ஜெயித்து வீட்டைப் பறிகொடுத்தவர்போல நின்றிருந்த வக்கீல், வேறு வழியில்லாமல், "செல்லும்மா, வாங்கிக்குங்க" என்றார். காசு ஈரத் தகர டப்பாவில் மற்ற சில்லறையோடு போய் விழுந்தது. அந்தச் சத்தத்தில் சங்கமே ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டது.

"சரி, இப்பக் கேட்டு வாங்கிடுங்கண்ணே" என்றார் வக்கீல்.

"கேட்டு வாங்கினா அது வெலைக்கு வாங்கினது. சில்லறையா தானா வரணும்."

பத்தைக் கொடுத்து ஒரு டீ சொன்னார். மீதி ஐந்து வந்தது, சாதாரண ஐந்து. மறுபடி பத்து, மறுபடி டீ. தாம் குடித்து முடியாமல் சங்கத்தார் கையில் திணித்தார். சர்க்கரை வியாதிக்காரரான வக்கீலும் கடமை தவறாமல் குடித்தார். அப்போது எதிர் ஆஸ்பத்திரி நர்ஸ் அவசரமாக வந்து, பத்தை நீட்டி டீ கேட்டார். டீக்கடைக்காரம்மாவின் விரலிடுக்கில் வெள்ளி பளிச்சென்றது. அது நர்ஸின் உள்ளங்கைக்குப் போனது. பல்செட்காரரின் டம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது.

நர்ஸ் காசைப் பார்த்தார். "செல்லாத காசாட்டம் இருக்கு. வேற குடுங்கக்கா."

சட்டம் பேச வாய் திறந்த வக்கீலின் காலைப் பல்செட்காரர் அழுத்தி மிதித்தார். நர்ஸ் வேறு காசு வாங்கிக்கொண்டு போனதும் இவர் அடுத்த பத்தை நீட்டினார். டீக்கடைக்காரம்மா எரிச்சலோடு அந்த வெள்ளியையே மீதியாக அவர் கையில் வைத்து அழுத்தினார். "நீங்க கொண்டாந்ததுதானே, நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போய், நடந்ததையெல்லாம் மனைவியின் முதுகுக்குச் சொன்னார். நர்ஸ் வந்த இடத்தில் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்பா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. காசு டீக்கடைக்காரம்மாவிடம் போய்த் திரும்பிய இடத்தில் முதுகு முகமானது. தலைவரின் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்திருந்ததையும், மூக்கோரம் டீக்கறை காய்ந்திருந்ததையும் மனைவி பார்த்தார். இவ்வளவு விலை கொடுத்ததை இப்படியா பண்ணுவது என்று முணுமுணுத்தபடி துடைக்கும் துணியை எடுத்தார்.

"தொடைச்சிடாத" என்று காசைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட பல்செட்காரர், அதை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக மனைவியின் மூக்கருகே கொண்டுபோனார்.