குளிப்பாட்டிய கார்

அண்ணி எதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாலும், மிக்ஸியோ மின்விசிறியோ, முதலில் மோதிரத்தைக் கழற்றிக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். பேச்சு கொஞ்சம் குழறும்.

அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், ஒரு காலையில் அப்பாவின் பழைய கார் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. இதற்காகவே காத்திருந்ததுபோல அண்ணன் பழைய இரும்புக்காரரை வரவழைத்துவிட்டான். அவருடைய வண்டி வாசலில் நிற்க, அப்பா காரின் கூரையில் கைவைத்தபடி நின்றார்.

"நேத்து ஓடுச்சுல்ல மாமா? அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்றார் அண்ணி.

"குளிப்பாட்டினேன்மா. இன்ஜினையும் சேர்த்து."

"சளி பிடிக்காம என்ன செய்யும்," என்றான் அண்ணன்.

அண்ணி இன்ஜினின் ஒரு ஸ்பார்க் பிளக்கின் வயரை உருவி இன்ஜின் இரும்பருகே பிடித்து, என்னைச் சாவியைத் திருகச் சொன்னார். பொறி வரவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கறுப்பு மூடியைத் திறந்தார். உள்ளே வியர்த்ததுபோல நீர்த்துளிகள். பழைய பனியன் துணியால் ஒற்றியெடுத்து, மூடி, உருவிய வயரையும் திரும்ப மாட்டினார்.

"இப்ப திருகுங்க தம்பி."

ஒரு தும்மல், பிறகு முழுச் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. என் உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய இரும்பைப் படுக்கவைத்தது அந்தச் சில துளிகள்தான் என்பதை நம்பவே முடியவில்லை.

இரும்புக்காரர் சிரித்தார். "இது இரும்பு இல்லீங்க, காரு. நான் வரேன்."

"நீயே ஒரு சுத்து ஓட்டிட்டு வாம்மா," என்றார் அப்பா.

"முதல் சுத்து நீங்கதான் மாமா."

தன் அப்பாவின் பட்டறையில் எத்தனையோ வண்டிகளைக் கிளப்பிவிட்ட அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.