அவர் பேரில் போன என் பை

நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் பண்ணினேன். அதை நினைச்சா இப்பவும் உடம்பெல்லாம் கூசுது.

மும்பையில இருக்கிற அக்கா வீட்டுக்குச் சென்னை கல்மண்டபத்திலேர்ந்து கிளம்புறேன்னா சும்மாவா போக முடியும்? நெத்திலிக் கருவாடு, வஞ்சிரக் கருவாடு, அரைச்ச மிளகாய்த்தூள், அவ கேட்ட எவர்சில்வர் குண்டான். கருவாட்டுக்கு மட்டும் ஏழு கவர் சுத்தினேன். ஃப்ளைட்ல பதினஞ்சு கிலோ வரைக்கும்தான் காசு இல்ல. என் சாமான் இருபத்திமூணு. கூடுதல் கிலோவுக்குக் காசு கட்டுறதா? நானா? போன தடவை மூணு சுடிதாரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்தப் போனவ நான். இந்தத் தடவை சாமானை ரெண்டு பையாப் பிரிச்சேன். சாமான் இல்லாம வர்ற ஒருத்தர் பேர்ல ஒண்ணைப் போட்டுவிட்டா முடிஞ்சுது கதை.

ஏர்போர்ட் வரிசையில எனக்கு முன்னால ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும். போன்ல "இன்னாம்மா, வந்துகினே கீறேன், அழுவாத"ன்னு பேசிட்டிருந்தார். நம்ம ஏரியா பேச்சு! கையில ஒரே ஒரு துணிப்பை. எங்க பக்கத்து ஆளுங்க வெளியூருக்கு வெறுங்கையோட போகவே மாட்டாங்க, அதுவும் ரயிலை விட்டுட்டு ஃப்ளைட்ல. அப்படிப் போனா அங்க என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். எனக்கா தெரியாது? ஆனா என் கண்ணுக்குப் பட்டது அவரோட காலி பதினஞ்சு கிலோ மட்டும்தான். அந்த "அழுவாத" காதுலயே ஏறல.

"அண்ணே, நானும் கல்மண்டபம்தான். இந்தப் பையை உங்க பேர்ல போட்டுக்கிறீங்களா?"

"அதுக்கு இன்னாம்மா, குடு"ன்னார். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு உங்க பையான்னு கேட்டுது. "ஆமா, என்னுதுதான்"னு எனக்காகப் பொய்யும் சொன்னார்.

மும்பையில இறங்கினதும் அவர் நேரா வாசலைப் பார்த்து நடந்தார். நான் ஓடிப் போய் மறிச்சேன். பைக்கான சீட்டு அவர் போர்டிங் பாஸ்ல ஒட்டியிருந்துது. "அண்ணே, பை வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க, அப்புறம் எனக்குத் தர மாட்டாங்க." அவர் வாசலை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்கூட வந்து நின்னார்.

முக்கால் மணி நேரம். என் முதல் பை வந்துடுச்சு, ரெண்டாவது வரவேயில்ல. அவர் போன் மூணு தடவை அடிச்சுது. "எறங்கிட்டேன், இதோ வந்துட்டேன்"னார். கூட்டிட்டுப் போக யாரோ வெளிய நிக்கிறாங்க போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். நாலாவது தடவை எடுத்தவர், "உள்ள இட்டுகினு பூட்டாங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.

"இன்னா ஆச்சுண்ணே?"

"தம்பிக்குத் தலையில ஆபரேஷன்மா. வேல செய்ற எடத்துல மேலேர்ந்து வுயுந்துட்டான். உள்ள போறதுக்கு முன்னாடி என்னை ஒரு தபா பாக்கணும்னானாம்."

"ஐயோ, ஏண்ணே சொல்லல? போயிருக்கலாமே!"

"நீ நிக்கச் சொன்னியேம்மா."

அப்பதான் பை வந்துது. அவரே குனிஞ்சு தூக்கி என் வண்டியில வெச்சார். சீட்டைப் பிச்சு என் கையில குடுத்துட்டு வேகமாப் போயிட்டார். வாசல்ல ஒருத்தரும் என்னை நிறுத்தல. சீட்டை யாருமே கேக்கல.

அக்கா வீட்டுல மாமா, "இவ்ளோ சாமானுக்கு எவ்ளோம்மா கட்டின?"ன்னார். "ஒரு பைசா கட்டல மாமா, நம்ம ஏரியா ஆள் ஒருத்தர் தலையில கட்டிட்டேன்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வெட்கங்கெட்டவ, நானும் சிரிச்சேன்.

அவர் தம்பி பிழைச்சாரா, தெரியாது. எந்த ஆஸ்பத்திரின்னு நான் கேக்கவேயில்ல.