தராசு சரியாகத்தான் நின்றது

துவக்குக் குழலுக்குப் பூசுகிற எண்ணெயும் பழைய அப்பிள் பழங்களும் ஒரே அறையில் நெடுநாள் கிடந்தால் ஒரு மணம் வரும். இனிப்பும் இரும்பும் கலந்த மணம். முதலில் பசிக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிரட்டும். பிரௌ ஹோல்ஸ், அதாவது திருமதி ஹோல்ஸ் என்ற விதவையின் வீட்டுக்குக் கீழே, நிலத்துக்குள் இருந்த கெல்லர் அறையில் அந்த மணத்தை நான் பிடித்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன்.

எர்லாங்கன் நகரத்துக்கு வெளியே, பஸ் ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று வருகிற கிராமம் எங்களுடையது. மன்னாரிலிருந்து அகதியாக வந்த குடும்பம் அங்கே நாங்கள் ஒன்றுதான். அப்பாவுக்கு இரும்பைக் கடைசல் பிடிக்கிற தொழிற்சாலையில் வேலை. அவருடைய ஜெர்மன் அந்தத் தொழிற்சாலைக்குள் போதும், வாசலைத் தாண்டினால் போதாது. ஆகையால் டேர்மின், சந்திக்கும் நேரம் என்று எங்கே கூப்பிட்டாலும், வைத்தியரோ வீட்டுக்காரரோ அரசாங்கக் கந்தோரோ, பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். இந்த நாட்டுக்கு வந்த எங்கள் சனத்தின் பிள்ளைகள் பலருக்கும் இந்த வேலை தெரியும். பெரியவர்களின் வருத்தம், வெட்கம், கெஞ்சல் எல்லாம் எங்கள் சின்ன வாய்க்குள்ளால்தான் போய்வந்தன.

அப்பா ஊர்த் துவக்குச் சூட்டுக் கழகத்தில் சேர்ந்தது அம்மாவுக்குத் துப்புரவாகப் பிடிக்கவில்லை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார், அப்பாவின் கை ஆடவில்லை, குறி தப்பவில்லை, சேர்த்துவிட்டார்கள். அந்தக் கிராமத்தில் கழகத்துப் பச்சைச் சட்டை போட்டவனுக்குத்தான் கடையில் முதலில் வணக்கம் கிடைக்கும். அப்பாவுக்கு அந்த வணக்கம் தேவைப்பட்டது. அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே குத்துவா. "மன்னாரிலை வெடிச்சத்தம் கேட்டு வங்கர்க் குழிக்குள்ளை பூந்த மனுசன், இஞ்சை வந்து தேடிப் போய்ச் சத்தம் கேக்குது. மாதாவே, இதை ஆரிட்டைச் சொல்ல!" அப்பா சிரிப்பார். "இது கடதாசிக்குச் சுடுறதப்பா. கடதாசி அழாது" என்பார்.

கழகத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நாங்கள் கழகத்துக்குப் போன நேரம், பியர் மேசையில் இருந்த ஒருவர், "இவ்வளவு நன்றாகச் சுடுகிறவன் அங்கேயே நின்று சண்டை பிடித்திருக்கலாமே, ஏன் ஓடிவந்தான்?" என்று கேட்டார். மேசை முழுக்கச் சிரிப்பு. நான் ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார்: "எல்லாத்தையும் கொண்டுவந்து என்ரை மடியிலை கொட்டவேணுமெண்டு இல்லைப் பிள்ளை. சிலதை வழியிலை விட்டிட்டு வரலாம்." எனக்கு அது விளங்கவில்லை. சரியாகச் செய்த வேலைக்கு ஏன் ஏச்சு என்று கோபம் வந்தது.

கழகத்தில் சிலர் தங்கள் துவக்கு ரவைகளைத் தாங்களே வீட்டில் செய்வார்கள். ஒருதரம் சுட்ட ரவையின் வெற்றுப் பித்தளைக் கோதை எடுத்து, துப்புரவாக்கி, புது வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தி மறுபடி ரவையாக்குவது. அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும், படிப்பும் சோதனையும் உண்டு. அந்தப் புத்தகத்தைச் சமையலறை மேசையில் வைத்து நான் வாசிக்க, அப்பா மனப்பாடம் செய்தார். அதனால் எனக்கும் விசயம் தெரியும். மருந்து கூடினால் துவக்கு கையிலேயே வெடிக்கும், ஆகவே எல்லாவற்றிலும் பெரிது தராசு என்று அந்தப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் சொன்னது. அப்பா சோதனையில் தேறி, அனுமதியும் கிடைத்த பிறகு, சாமான் தெரிவு செய்கிற கட்டம் வந்தது. அந்த நேரம்தான் பிரௌ ஹோல்ஸ் கழகத்துக்குச் சொல்லியனுப்பினா. இறந்துபோன தன் புருசனின் சாமான்கள் கெல்லரில் கிடக்கின்றன, வேண்டியவர் வந்து பார்த்து எடுக்கட்டும் என்று.

அந்த வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் சூட்டுத் திடலில் ஹோல்ஸின் துவக்கு வெடித்து, அவருக்கு ஒரு கண்ணும் இரண்டு விரலும் போயின. அந்த ரவைகளுக்கு மருந்து அளந்து போட்டது மகன் ஸ்ரெபான். தகப்பனுக்குக் கைநடுக்கம், அதனால் அனுமதி இல்லாத மகன் கள்ளமாய்ச் செய்தான். பொலிசுக்குத் தகப்பன் "நானே செய்தேன்" என்று சொல்லிவிட்டார். மனைவிக்கோ, "தராசில்தான் பிழை, பொடியனில் இல்லை" என்று சாகும்வரை சொன்னார். அவ நம்பவில்லை. மகனை வீட்டைவிட்டுக் கலைத்துவிட்டா. அவன் லைப்சிக் நகரத்துக்குப் போய் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தான். தகப்பன் பிறகு மாரடைப்பில் போனார்.

நாங்கள் போன அன்று ஸ்ரெபானும் அங்கே நின்றான். பெட்டி தூக்கத் தாய் கூப்பிட்டிருந்தா. அவனைக் கண்டதும் எனக்குக் காது சுட்டது. அவன் ஊரில் இருந்த காலத்தில், பஸ் தரிப்பில் என்னைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கறி வருகிறது, யன்னலைத் திறவுங்கள்" என்று கத்துவான். நான் ஏதாவது திருப்பிச் சொன்னால் என் உச்சரிப்பை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவான். ஒரு பனிக்காலத்தில் என் பள்ளிக்கூடப் பையைப் பறித்து ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான். உள்ளே என் முதல்நன்மைச் செபப்புத்தகம் இருந்தது. தாள்கள் ஊதி, மாதா படத்தின் நீலம் கரைந்து மற்றப் பக்கங்களுக்கு ஊறிப்போயிற்று. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன்.

அப்பா சாமான் பார்த்த விதம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மினுங்குகிற புது அழுத்துப்பொறி ஒன்று நின்றது, அதைத் தொட்டும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த கறுத்த வார்ப்பிரும்புப் பொறியின் கைபிடியை மெதுவாக இறக்கி ஏற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று காதால் கேட்டார். "இது நிக்கும்" என்றார். அச்சுகளை ஒவ்வொன்றாய்த் திருப்பி உள்வாயில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். கறள் பிடித்த ஒன்றை ஒதுக்கிவைத்தார். மாதாவின் சுரூபத்தைத் துடைக்கிற மாதிரிக் கவனம். ஸ்ரெபான் அவர் தெரிவு செய்த பொறியைக் கழற்றித் தூக்கிக் கதவடிக்குக் கொண்டுபோய் வைத்தான். தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்போதுதான் பிரௌ ஹோல்ஸ் தராசை எடுத்து மேசை நடுவே வைத்தா. ஒரு பக்கம் சின்னத் தட்டு, மறுபக்கம் முள்ளு ஆடுகிற பழைய கோல்தராசு. என்னைப் பார்த்துச் சொன்னா:

"உன் அப்பாவிடம் இதைப் பரிசோதித்துச் சொல்லச் சொல். கழகத்து ஆட்களிடம் கேட்க எனக்கு வெட்கம். இது பிழையான தராசு என்றால் என் புருசன் சொன்னது உண்மை. இவன் குற்றவாளி இல்லை. நான் இவனிடம் மன்னிப்புக் கேட்பேன், இவன் அறை மேலே அப்படியே இருக்கிறது. தராசு சரி என்றால், எனக்கு அதுவும் தெரியவேண்டும்."

நான் அப்பாவுக்குச் சொன்னேன். இந்த முறையும் ஒன்றும் விடவில்லை.

அப்பா சட்டைப் பையிலிருந்து படிக்கல் பெட்டியை எடுத்தார். கடுகளவு பித்தளைத் துண்டுகள், படிப்புக்கு வாங்கியவை. தராசை நேராக வைத்தார். காற்றுப் படாமல் கதவைச் சாத்தச் சொன்னார். ஒன்றைச் சின்னக் குறட்டால் எடுத்துத் தட்டில் வைக்க, முள்ளு ஆடி ஆடிக் கோட்டில் வந்து நின்றது. கோலில் அளவை மாற்றி வேறொன்றை வைத்தார். அதே கோடு. மூன்றாவதையும் வைத்தார். ஒரு மயிரளவும் விலகவில்லை. நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்ற இருவரும் தராசைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அப்பா நிமிராமல், படிக்கற்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே, காலநிலை பற்றிக் கதைக்கிற குரலில் தமிழில் சொன்னார்: "பிள்ளை, தராசு பிழை காட்டுதெண்டு சொல்லு."

நான் நினைத்தேன், அப்பா மறந்துபோய்ச் சொல்கிறார் என்று. "இல்லை அப்பா, சரியாத்தானே நிக்குது?"

"தெரியும். நீ பிழையெண்டு சொல்லு."

மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளையும் பிழையில்லாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய பிள்ளை நான். பொய்ச்சாட்சி சொல்லாதே. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆண்டவருக்கு முன் எழுதுகிறேன், அந்த நேரம் எனக்கு ஆண்டவர் நினைவில் இல்லை. சுவரோடு நின்ற ஸ்ரெபானைப் பார்த்தேன். மூக்கைப் பொத்திய அந்தக் கை இப்போது தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தது. அவன் என்னைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இனித்தது. பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தமான ஜெர்மனில், ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னேன்:

"தராசு சரி. மூன்று தரம் பார்த்தோம். மூன்று தரமும் சரி."

அப்பாவுக்கு அந்த அளவு ஜெர்மன் விளங்கும். தலையை உயர்த்தி, "இல்லை, இல்லை, கபுட்! தராசு கபுட்!" என்றார். பழுது என்று சொல்ல அவருக்குத் தெரிந்த சொல் அதுதான். கையையும் ஆட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், முகம் முழுக்க வேர்த்துவிட்டது. பிரௌ ஹோல்ஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அந்தப் பரிதாபமான பொய்யைப் பார்த்த பிறகு அவவுக்குச் சந்தேகம் என்று ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. "நீங்கள் நல்ல மனிதர்" என்று அப்பாவுக்குச் சொன்னா. மகன் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், மீன்கடையில் சாமான் சொல்கிற மாதிரிச் சொன்னா:

"உன்னால் கண் போனது. உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டே செத்தும் போனார். பெட்டிகளை ஏற்றிவிட்டுப் போ. சாப்பாடு இல்லை."

"நான் அளந்துதான் போட்டேன், அம்மா" என்றான் அவன். அவ விளக்கை அணைத்துவிட்டு மேலே ஏறிப் போனா, நாங்கள் மூன்று பேரும் இருட்டில் நிற்கையிலேயே.

ஸ்ரெபான் அந்த வார்ப்பிரும்புப் பொறியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து எங்கள் காரில் வைத்தான். மூடியைச் சாத்திவிட்டு என்னிடம் குனிந்தான். அடிப்பானோ என்று நான் பின்வாங்கினேன். "இப்போது நன்றாக ஜெர்மன் பேசுகிறாய்" என்றான். பகிடி இல்லாத குரல்.

பாதி வழியில் அப்பா காரை ஓரம்கட்டினார்.

"தராசு இண்டைக்குச் சரி. அண்டைக்கு எப்பிடி நிண்டதெண்டு உனக்குத் தெரியுமோ?"

சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினார்.

"கீழை ஒரு திருகாணி கிடக்கு. அதை ஆரும் ஒருக்காத் தொட்டால் கூடும், திருப்பித் தொட்டால் சரியாகும். ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலை வைச்சுத்தான் நிறுக்கவேணுமெண்டு நீதானே எனக்கு வாசிச்சுக் காட்டினனி? மூண்டு வருசமாச் சும்மா கிடந்த தராசு அந்தப் பொடியனுக்கு என்ன சாட்சி சொல்லும்?"

"நீங்கள் பொய் சொல்லச் சொன்னியள்" என்றேன்.

"ஓம். எனக்குத் தெரியாத ஒண்டைத் தெரியாமல் விடச் சொன்னன். நீ தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டாய்."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்தப் பொறியை எங்கள் நிலவறையில் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்தார். ஒரு ரவையும் செய்யவில்லை. சில மாதத்தில் கழகத்திலிருந்தும் விலகினார். அம்மா, "மாதா என்ரை மன்றாட்டைக் கேட்டிட்டா" என்று மெழுகுதிரி கொளுத்தினா. அதன் பிறகு அப்பா என்னை ஒரு டேர்மினுக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அரைகுறை ஜெர்மனோடு தனியே போய், தவறான கடதாசியில் ஒப்பம் வைத்துவிட்டு வருவார். நான் வாறன் என்று சொன்னால், "உனக்குப் படிப்பு கிடக்கு" என்பார். எனக்குப் படிப்பு அவ்வளவு ஓடவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

நான் வளர்ந்தபின் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். குரு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ உண்மையைத்தானே சொன்னாய் மகளே" என்றார். அதற்குமேல் எப்படி விளக்குவது என்று தெரியாமல், வேறு சின்னப் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்தக் கழகம் இல்லை, சூட்டுத் திடலில் வீடுகள் வந்துவிட்டன. பிரௌ ஹோல்ஸ் போய்ப் பல வருடம். அடக்கத்துக்கு மகன் வரவில்லை, கல்லறைக் குழிக்குள் முதல் பிடி மண்ணை எங்கள் அப்பாதான் போட்டார். அந்த வீட்டை இந்தியாவிலிருந்து வந்த இளம் பொறியியலாளர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். காலையில் வரிசையாய்ச் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது எனக்குக் கைகாட்டுவார்கள்.

போன மாரியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சோதனை முடிவு வந்த அன்று பெரிய வைத்தியர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, புற்றுநோய் எங்கும் பரவிவிட்டது, சில கிழமைகள்தான், தகப்பனுக்கு நீங்களே உங்கள் மொழியில் சொல்கிறீர்களா என்று கேட்டார். நான் உள்ளே போனேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் கையை உயர்த்தினார்.

"நீ வேண்டாம் பிள்ளை. அந்த இந்தியாப் பிள்ளையைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியின் அந்தப் பகுதியில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பயிற்சி வைத்தியராக இருந்தாள். பெரிய வைத்தியர் அவளுக்கு விசயத்தைச் சொல்லி அனுப்பினார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "ஐயா, ரிசல்ட் கொஞ்சம் கலந்துதான் வந்திருக்கு. வலிக்கு டேப்லட் மாத்தித் தர்றோம். முதல்ல நல்லாத் தூங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், சரியா?"

"ஓம் பிள்ளை, சரி" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "கதவைச் சாத்திப்போட்டு நீ கொஞ்சம் வெளியாலை நில்லன்" என்றார்.

சாத்திவிட்டு வந்து நின்றேன். உள்ளே அப்பா ஏதோ பகிடி சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார்.